வரிசையில் ஓர் ஆள் குறைந்தால்

சென்ற மாதம் கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். தெரு குறுகல். லிஃப்ட் வைத்த மிக்சர் வண்டி உள்ளே திரும்பாது. அதனால் கலவை இயந்திரத்தைத் தெருமுனையில் நிறுத்தினோம். அங்கிருந்து சாரத்தின் சாய்வுப் பலகை வழியாக மாடி வரை ஆட்களை வரிசையாக நிறுத்திச் சட்டி கைமாற்றுவது என்று முடிவு. நான்தான் மேஸ்திரி. வரிசைக்கு மட்டும் பதினாறு பேர் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தேன். ஏழு மணிக்கு முதல் சட்டி ஏற வேண்டும். பதினைந்து பேர்தான் வந்திருந்தார்கள். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "இதோ வந்துவிடுவான்" என்று அவனுடைய இடத்தை அப்படியே விட்டுவைத்து வேலையைத் தொடங்கினேன். அந்தத் தம்பி எட்டேகாலுக்கு வந்தான். சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிக்கொண்டே, "என்ன அண்ணே, ஒரு மணி நேரம்தானே. சாயங்காலம் கூட நின்று சரிக்கட்டிவிடுகிறேன்" என்றான்.

கெட்ட பிள்ளை இல்லை. இருபத்திரண்டு வயது. வேலையில் இறங்கிவிட்டால் இரண்டு ஆள் வேலை செய்வான். அவன் சொன்னதில் ஏமாற்றும் இல்லை. சாயங்காலம் உண்மையாகவே நின்றிருப்பான். அன்று நான் அவனிடம் சொன்னது கோபத்தில் வந்த சொல். அதை இங்கே எழுத வேண்டாம். சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதைத்தான் எழுதுகிறேன்.

சட்டி கைமாற்றும் வரிசையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஆள் சரியாக நின்றால் யாருடைய காலும் நகராது. இடுப்பு மட்டும் திரும்பும். இடது பக்கம் வாங்கி வலது பக்கம் கொடுக்கிற அந்த ஒரு நொடியில், கலவையின் பாரம் ஒரு கையில் தங்குவதற்கு முன்பே அடுத்த கைக்குப் போய்விடும். நிரம்பிய சட்டி பதினைந்து, இருபது கிலோ இருக்கும்; ஆனாலும் வரிசை ஓட்டம் பிடித்துவிட்டால் அந்த எடை தெரியாது. நடுவில் ஓர் ஆள் இல்லை என்றால் ஓட்டம் அங்கே அறுந்துபோகும். தரையில் நிற்பவர்கள் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி நின்று இடைவெளியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். சாரத்தில் அது முடியாது. கால் வைக்கும் இடம் அளந்து கட்டியது.

அவனுடைய இடம் சாரம் திரும்புகிற முனை. அவனுக்குக் கீழே நின்றவர் எங்கள் குழுவில் மூத்த சித்தாள், ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா. அவர் ஒவ்வொரு சட்டியையும் வாங்கிக்கொண்டு இரண்டு அடி மேலே ஏறிக் கொடுத்துவிட்டு, இரண்டு அடி பின்னால் இறங்கி வந்தார். நிமிடத்துக்கு ஐந்து சட்டி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்தில் 300 சட்டி. ஒரு சட்டிக்கு நான்கு அடி என்றால் 1,200 அடி. அதில் பாதி, சுமையோடு சாய்வுப் பலகையில் ஏறியது. அந்த 1,200 அடியும் தம்பியினுடையது. தேய்ந்தது அக்காவின் முழங்கால். சாயங்காலம் எத்தனை மணி வரை நின்றாலும் அவன் அதில் ஓர் அடியைக்கூடத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்கு இதில் இருக்கிற ஆத்திரமெல்லாம் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும். மேசை வேலையில் ஒருவர் தாமதித்தால் அவருடைய காகிதம் மேசையில் காத்துக்கிடக்கும். உடல் உழைப்பில் பாரம் காத்துக்கிடக்காது. நேரத்துக்கு வந்தவருடைய தோளில் அது அப்பொழுதே ஏறிவிடும். நேரத்துக்கு வந்த ஒரே குற்றத்துக்காக அவர் அதைச் சுமக்கிறார்.

காங்கிரீட்டுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. தண்ணீர் பட்டதும் சிமென்டின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் இறுகத் தொடங்குவதற்குக் குறைந்தது 30 நிமிடம் ஆக வேண்டும், 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அது ஆய்வுக்கூடத்தில் 27 டிகிரி வெப்பத்தில் சோதிப்பது. எங்கள் கடற்கரையில் சித்திரை, வைகாசி வெயிலும், ஆனி ஆடியில் கச்சான் காற்றும் சேர்ந்து கலவையின் ஈரத்தை உறிஞ்சுகிற வேகத்துக்கு அந்தக் கணக்கு நிற்காது. வரிசை தடுமாறினால் ஒரு பகுதி இறுகத் தொடங்கிய பிறகு அடுத்த பகுதி வந்து விழும். இரண்டும் ஒன்றோடு ஒன்று சேராது. நடுவில் முடி போல ஒரு கோடு நிற்கும். உள்நாட்டிலும் அந்தக் கோட்டின் வழியாக மழைநீர் கசியும். இங்கே அதன் வழியாக உப்புக் காற்றின் ஈரமும் இறங்கும். கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் பழைய வீடுகளின் கூரையில் பூச்சு பெயர்ந்து, செம்பழுப்புக் கம்பி எட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். எல்லாம் தாமதத்தால் வந்தவை என்று சொல்ல மாட்டேன். தளம் போடும் நாளில் தடுமாறிய வரிசைகளும் அவற்றில் சிலவற்றுக்குக் காரணம் என்பதை நான் வேலை செய்த வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன்.

நேரம் என்றால் என்ன என்பதை நான் கட்டட வேலையில் கற்கவில்லை. அம்மாவிடம் கற்றேன். எங்கள் ஊர் வாலிநோக்கம் பக்கம். மாரியூர், வாலிநோக்கம் கடலோரத்தில் அரசு உப்பு நிறுவனத்தின் அளம் இருக்கிறது. தனியார் உப்பளங்களும் உண்டு. அம்மா ஒரு தனியார் அளத்தில் வேலை செய்தார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, மூன்று மணிக்குப் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். அந்நேரத்தில் ஏன் போகிறார்கள் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. ஒரு பள்ளி விடுமுறையில், காலை ஒன்பது மணிக்குக் கஞ்சித் தூக்குவாளியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். வரப்பில் நின்ற ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. மேலே ஒரு வெயில். கீழே வெள்ளை உப்பிலிருந்து இன்னொரு வெயில். கண்ணைத் திறந்து நிற்க முடியவில்லை. அந்த வெளிச்சம் வருவதற்குள் வாரி முடிப்பதற்காகத்தான் அந்த இரண்டு மணி.

வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பவர் ஒருவர், அதைக் கூடையில் சுமந்துபோய்க் கொட்டுபவர் ஒருவர் என்று ஜோடி ஜோடியாக வேலை. ஜோடியில் ஒருவர் அரை மணி நேரம் பிந்தினால் மற்றவர் அந்த அரை மணி நேரத்தையும் வெயிலில் கழிக்க வேண்டும். ஆகவே எங்கள் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. முதலில் கண் விழித்தவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். அவர் எழுந்து அதற்கடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். அப்படியே தெருமுனை வரை தட்டும் ஓசை போகும். பாதித் தூக்கத்தில் நான் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். யாருக்காவது காய்ச்சல் என்றால் அந்தக் கதவிலேயே தெரிந்துவிடும். அவருடைய ஜோடிக்கு வேறு ஆள் அங்கேயே ஏற்பாடாகிவிடும். பாத்திக்குப் போய், பக்கத்தில் ஆள் இல்லையே என்று யாரும் திகைத்து நின்றதில்லை. எங்கள் தெருவில் அன்று இரண்டு வீட்டில்தான் அலாரம் கடிகாரம் இருந்தது.

உப்புக்கே நேரம் உண்டு. பாத்தி நீரின் அடர்த்தியை மானி வைத்துப் பார்ப்பார்கள். "டிகிரி பார்ப்பது" என்று சொல்வது. 25 டிகிரியை ஒட்டி உப்பு படியும். 29, 30 டிகிரியை எட்டும்போது மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, நல்ல உப்பில் கசப்பு ஏறும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். மடையைத் திறக்க வேண்டிய ஆள் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், பத்துப் பேர் பல நாள் பட்ட பாடு அந்தப் பாத்தியில் வீணாகும்.

மாமா பனையேறி. சாயல்குடிப் பக்கம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார். இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பும் ஓர் அளவுக்குத்தான் தாங்கும். வெயில் ஏறுவதற்குள் இறக்கி, அடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். அத்தை விடலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாமா பிந்திய நாளில் எரிந்தது அத்தை பொறுக்கிவந்த விறகு. புகை படிந்தது அத்தையின் கண்ணில். மாமாவுக்கு அது தெரியும். மரத்திலிருந்து இறங்கும்போதே பார்வை விடலியின் புகைப் பக்கம் போகும். பாளையையும் நாள் தவறாமல் சீவ வேண்டும். விட்டால் சீவிய முகம் காய்ந்து ஊறல் குறையும். காய்ச்சலோடு மாமா ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டேன். மாற்று ஆள் இல்லாத தொழிலின் கொடுமை அது.

கடல் வேலைக்கு நான் போனதில்லை. என் வயதுப் பிள்ளைகள் பலர் போனார்கள். ராமேசுவரம் பக்கம் விசைப்படகு எல்லா நாளும் போகாது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று நெடுநாளாக ஓர் ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். புயல் எச்சரிக்கை வந்தால் அந்த நாளும் போச்சு. எஞ்சிய நாட்களில் ஒரு நாள் விடியலைத் தவறவிட்டால் அந்த வாரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அது தவறவிட்டவனுக்கு. படகில் ஏறிய மற்றவர்களுக்கு? வலை அதே வலை. இழுக்கிற கை ஒன்று குறைவு.

கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் வள்ளத்தில் போய்ப் பாறைகளில் பாசி பறிப்பவர்கள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், மாதத்தில் பன்னிரண்டு நாள் என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு போட்டுக்கொண்டவர்கள். பாசி மறுபடி வளர வேண்டும் அல்லவா? கடல் வற்றும் நேரமோ ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று ஆறு மணி என்றால் நாளை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. எந்த அலாரத்தையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாத வேலை அது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கரையில் அத்தனை பேரும் ஒன்றாக நிற்பார்கள். வள்ளம் ஒன்றுதான். ஒருவர் பிந்தினால் எல்லோருக்கும் தண்ணீர் ஏறிவிடும். தண்ணீர் ஏறினால் இன்னும் ஆழத்தில் மூழ்க வேண்டும். மூச்சை இன்னும் அதிக நேரம் அடக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, தாமதமாக வருகிறவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் அது அநியாயம். எங்கள் பக்கம் தாமதத்துக்குப் பெரும்பாலும் சோம்பல் காரணம் இல்லை. முதல் பஸ் வராமல் போகும். குடிதண்ணீர் வருகிற நேரம் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது. விடியலில் தண்ணீர் வந்தால் குடத்தை நிரப்பாமல் ஒரு பெண் எப்படிக் கிளம்புவாள்? பிள்ளைக்குச் சோறு கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துவைத்து, அதன் பிறகுதான் அவள் தூக்குவாளியைக் கையில் எடுப்பாள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது முதல் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை, தீவுக்குள்ளிருந்து வேலைக்கு வந்த ஆட்களுக்கு ரயில் இல்லை. தங்கச்சிமடத்திலிருந்து என்னிடம் வந்த இருவர் அந்தக் காலம் முழுவதும் பஸ்ஸை நம்பித்தான் வந்தார்கள். அவர்கள் பிந்திய நாட்களில் நான் முகம் சுளித்ததை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

முகம் சுளித்ததோடு நிற்கவில்லை. மேஸ்திரியான முதல் சில ஆண்டுகளில், இருபது நிமிடம் பிந்தி வந்தவர்களுக்கு அரை நாள் கூலியை வெட்டினேன். எனக்கு மேஸ்திரியாக இருந்தவர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன். நல வாரிய அட்டை புதுப்பிக்கப் போன இடத்தில் சங்கத்துக்காரர் ஒருவர்தான் எனக்குப் புத்தி சொன்னார். வேலைக்கு வராத நேரம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் ஊதியத்தில் பிடிக்கலாம், அதற்கு மேல் பிடிக்கக் கூடாது என்று அப்போது நடப்பில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்றார். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்குத் தெரிந்த நியாயம் எனக்குத் தெரியாமல் போயிற்று. அன்றோடு அரை நாள் வெட்டுவதை விட்டேன். வெட்டிய பணம் அவர்களுக்காகச் சுமந்தவர்களின் கைக்குப் போனதும் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். என் பையில்தான் விழுந்தது.

வேலை கொடுப்பவர்களின் தாமதத்தை யாரும் தாமதம் என்றே சொல்வதில்லை. ஒரு வீட்டுக்காரர். சனிக்கிழமை ஆறு மணிக்குக் கூலி என்று சொல்லியிருந்தார். பதினோரு பேர் கைகால் கழுவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தோம். ஏழு ஆயிற்று. ஏழரை ஆயிற்று. உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டரைக்கு வந்து எண்ணிக் கொடுத்தார். கணக்கில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் மூன்று பெண்களுக்குக் கடைசி பஸ் போய்விட்டது. கடை மூடுவதற்குள் அரிசி வாங்க முடியவில்லை. என் வண்டியில் ஒவ்வொருவராகக் கொண்டுபோய் விட்டேன். மூன்றாவது பெண் வீட்டு வாசலில் இறங்கும்போது பத்தரை. பிள்ளைகள் சாப்பிடாமல் தூங்கிப்போயிருந்தார்கள். உழைத்த உடம்புக்கு ஓய்வு என்று இருப்பதே அந்த இரவுதான். அதில் இரண்டரை மணி நேரத்தை ஒருவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அந்த வீட்டு வேலையை முடித்துக்கொடுத்தேன். மாடி கட்ட மறுபடி கூப்பிட்டார், போகவில்லை.

அதே போலத்தான் மணலும் ஜல்லியும் தண்ணீர் லாரியும். ஏழு மணிக்கு ஆட்களை நிறுத்திவிட்டுப் பத்து மணிக்கு ஜல்லி இறக்கினால், அந்த மூன்று மணி நேர வேலையை உச்சி வெயிலில் செய்ய வேண்டியவர்கள் யார்? இப்போதெல்லாம் சரக்கு முந்திய நாள் மாலை இறங்கினால்தான் மறுநாள் காலைக்கு ஆள் சொல்கிறேன். ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு வேலை கைநழுவிப் போயிருக்கிறது. போகட்டும்.

தளம் போட்ட அன்று மாலை தம்பியை உட்காரவைத்து அந்த 1,200 அடிக் கணக்கைச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு அக்கா பலகையில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. "பிந்துவது யாருக்கும் நேரும். ஆனால் எனக்குச் சொல். நீ வருவாய் என்று நினைத்து உன் இடத்தைக் காலியாக வைத்திருந்தேன். வர மாட்டாய் என்று தெரிந்திருந்தால் நானே அங்கே நின்றிருப்பேன்" என்றேன். மறுநாள் முதல் எங்கள் குழுவில் அம்மா தெருப் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். எழுந்தவுடன் ஒருவர் அடுத்தவருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு. மூத்த அக்காவிலிருந்து தொடங்கிக் கடைசி அழைப்பு எனக்கு வரும். யார் எடுக்கவில்லையோ, யார் வரவில்லையோ, ஆறு மணிக்குள் எனக்குத் தெரிந்துவிடும்.

இந்த வாரம் ஏர்வாடிப் பக்கம் இன்னொரு தளம். ஐந்தே முக்காலுக்குத் தம்பி கூப்பிட்டான். "அண்ணே, பஸ் வரவில்லை. ரோட்டில்தான் நிற்கிறேன். என் இடத்தில் யாரையாவது நிறுத்திவிடுங்கள், அக்காவுக்கு மேலே காலியாக விட்டுவிடாதீர்கள்" என்றான். ஒரு கொத்தனாரை வண்டியில் அனுப்பிவிட்டு, சாரத் திருப்பத்தில் நான் ஏறி நின்றேன். ஏழு மணிக்கு முதல் சட்டி கைக்கு வந்தது. ஏழு இருபதுக்கு அவன் வந்து இறங்கினான். நேராகச் சாரத்தில் ஏறி, அக்காவின் பக்கத்தில் போய், "நீங்கள் கீழே சமதரைக்குப் போங்கள் அக்கா, இந்த ஏற்றத்தில் நான் நிற்கிறேன்" என்றான். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதற்குள் அடுத்த சட்டி வந்துவிட்டது.